முனுசாமியின் பல்பூச்சி

முனுசாமிக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று சின்னக் காஞ்சிபுரம் முழுக்கச் சொல்வார்கள். இருக்கட்டுமே! காரணமில்லாமலா வரும்? வரதராஜர் கோயில் நாயனக்காரன் அவன். கருடசேவையன்று அவன் தோடியை எடுத்தால் கூட்டம் நகராது. அப்படிப்பட்டவனுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் மேல்பல் இரண்டு ஆட ஆரம்பித்தது.

முதலில் ஈறில் ரத்தம், பிறகு சீழ். நாயனத்தை வாயிலிருந்து எடுத்தால் ஒரே நாற்றம். பக்கத்தில் ஒத்து ஊதுகிறவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உதட்டுக்குப் பின்னால் பல் தாங்கினால்தான் நாயனம் பேசும். பல் போனால் முனுசாமியின் பிழைப்பே போச்சு.

டாக்டர் ஹயக்ரீவன் பல்லிடுக்கு அழுக்கைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். கிருமி என்றால் நாயனக்காரனுக்குப் புரியாது என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டு, "ஈறுல பூச்சி இருக்குப்பா. பல்லுல படிஞ்ச காரையைச் சுரண்டினாத்தான் போகும். எட்டு வாரம் வரணும்" என்றார். பாவி மனுஷர்! வேறு சொல்லே கிடைக்கவில்லையா?

வாயில் பூச்சி என்றால் ஊருக்குத் தெரிந்தது ஒன்றுதான். ரயிலடியில் பல்பூச்சி எடுக்கிற கலியாணசுந்தரம் உட்கார்ந்திருப்பான். கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டுக் குழாய் வழியாகப் புகையை வாய்க்குள் விடுவான். கீழே தண்ணீர்க் கிண்ணத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூச்சி விழும். முனுசாமிக்குப் பதினொன்று விழுந்தது. கண்ணாரப் பார்த்தான். டாக்டர் கெட்டிக்காரர்தான் என்று அவரையே மெச்சிக்கொண்டு வீடு திரும்பினான். அப்புறம் டாக்டர் வாசலை மிதிக்கவில்லை.

மாதம் ஒரு புகை போட்டுக்கொண்டான். பூச்சியும் விழுந்தது, பல்லும் விழுந்தது. மூன்றாவது வருஷ வைகாசிக்குள் வாய் காலி. அந்தக் கருடசேவைக்கு வாலாஜாபாத்திலிருந்து வேறொருவன் வந்து நாயனம் வாசித்தான். முனுசாமி பின்னால் தாளம் தட்டிக்கொண்டு நடந்தான்.

மறுநாள் டாக்டரிடம் போய் நின்றான். அவர் அந்த வாயைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "நான் சொன்ன பூச்சி கண்ணுக்கே தெரியாதேப்பா! லட்சக்கணக்கா இருக்கும். அது கிண்ணத்துலயா வந்து விழும்?"

"கண்ணுக்குத் தெரியாதுன்னு அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா சாமி கேடு?" என்று கத்தினான் முனுசாமி.

நேரே ரயிலடிக்குப் போனான். துண்டால் வாயை மூடிக்கொண்டு கலியாணசுந்தரத்தின் முன் உட்கார்ந்தான். இருந்த கும்பலில் அவன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் துண்டுக்கடியில் குழாயைச் செருகிப் புகையை விட்டான் அந்தப் புண்ணியவான். ஏழு விழுந்தது.

"ஏழு! நல்லா பார்த்துக்கங்கப்பா!" என்று கூவினான் கலியாணசுந்தரம்.

முனுசாமி துண்டை உருவி எறிந்து, கும்பலுக்கு வாயைத் திறந்து காட்டினான். ஒரு பல் இல்லை. "இது எந்தப் பல்லுலருந்துடா வந்துச்சு? சொல்லுடா, அயோக்கியப் பயலே!" சொல் குழறியது; பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள்.

கலியாணசுந்தரம் அசரவில்லை. "ஈறுல தங்கியிருக்கும்ணே."

கும்பல் தலையாட்டியது. அட, தலையாட்டியதே! கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற மணியம்மாள் முனுசாமியின் தோளைத் தட்டினாள். "உனுக்குத்தான் பல்லு இல்ல, எனுக்கு இருக்குதுல்ல? வலி உசுரு போவுது. எழுந்திரிபா."

முனுசாமி எழுந்திருக்கவில்லை. அன்று ரயிலடியில் வேறு யாருக்கும் புகை போட முடியவில்லை. மறுநாள் கலியாணசுந்தரம் கடை விரிக்க வந்தபோது, அதே இடத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு முனுசாமி உட்கார்ந்திருந்தான்.