வெயிலில் காயவைத்த மைக் செல்

என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். ஐந்தாவதோடு படிப்பு நின்றது, எழுத்துப்பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொரப்பூர் பக்கம் மைக்செட் வைத்திருக்கிறேன். ஊருக்கே சத்தம் கொடுப்பவன். எனக்கு மட்டும் நாலு பேர் முன்னால் வாய் வராது. மைக்கைச் சோதிக்கக்கூட "ஹலோ" சொல்ல மாட்டேன். விரலால் தட்டிவிட்டு இறங்கிவிடுவேன்.

போன ஆவணியில் கோயில் தர்மகர்த்தா மகளுக்குக் கல்யாணம். "இதை நல்லா பண்ணிட்டா மாசித் திருவிழாவும் உனக்குத்தான். இல்லாட்டி அரூர் மைக்செட்காரனைக் கூப்பிட்டுக்குவேன்" என்று சொல்லிவிட்டார். திருவிழா கைவிட்டுப் போனால் அந்த வருஷமே எனக்குப் போன மாதிரி. பயந்துபோய்ப் புதிதாக ஒரு கார்ட்லெஸ் மைக் வாங்கினேன். சார்ஜ் ஏற்றும் பேட்டரி செல் இரண்டு அதோடு வந்தன.

வாங்கிய அன்றே சார்ஜ் ஏற்றினேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. டார்ச்லைட் மங்கினால் செல்லை வெயிலில் காயவைப்பது எங்கள் வழக்கம்; இன்னும் நாலு நாள் எரியும். அதே நினைப்பில் இவற்றையும் மூன்று நாள் தகரக் கூரைமேல், காயப்போட்ட புளிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

வரவேற்பு அன்று சாயங்காலம் மாப்பிள்ளையின் தாய்மாமன் மைக்கைப் பிடித்தார். "பதினாறும் பெற்றுப் பெரு..." என்றதும் மைக் செத்தது. அவர் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"படம் ஓடுது, சவுண்டு காணோம்!" என்றார் பந்தலில் ஒருவர்.

மணப்பெண் கெமிஸ்ட்ரி டீச்சர். செல்லை வாங்கிப் பார்த்தார்.

"எப்பண்ணா சார்ஜ் போட்டீங்க?"

"போன வாரம்மா. அப்புறம் மூணு நாளு வெயில்லயும் வெச்சேன்."

நெற்றிச்சுட்டி ஆட ஆடச் சிரித்தார். "இது மெட்டல் ஹைட்ரைடு செல்லுண்ணா. சார்ஜ் போட்டா ஹைட்ரஜன் உலோகத்துக்குள்ள போயி உக்காந்துக்கும். சூடு பண்ணா இருக்கிற சார்ஜும் தன்னால எறங்கிடும். உங்க வூட்டு சாண கேஸ்லயும் இதே ஹைட்ரஜன்தான். அதுல கார்பனோட கூட்டு, இதுல உலோகத்தோட கூட்டு."

"இன்னைக்கு என்னோட கூட்டு. பாடத்தை நாளைக்கு வெச்சுக்கலாங்களா?" என்றார் மாப்பிள்ளை.

ஒயர் மைக் ஒன்று இருந்தது. ஆனால் ஒயர் மேடைக்கு எட்டவில்லை. மாமனுக்கோ முழங்கால் வலி. இரண்டு பேர் தாங்கித்தான் ஏற்றியிருந்தார்கள், இறங்க முடியாது. அவர் சொல்வதைக் கீழே நின்று நான் மைக்கில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று ஆனது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"பெருவாழ்வு வாழணும்" என்றார். சொன்னேன்.

"தண்ணி குடுங்கடா, தொண்டை காயுது" என்றார். அதையும் சொன்னேன்.

"யோவ், அதையெல்லாம் சொல்லாதய்யா!"

அதையும் சொல்லிவிட்டேன். பந்தலே சரிந்து விழுகிற மாதிரி சிரிப்பு.

சாப்பாடு முடிந்ததும் தர்மகர்த்தா கூப்பிட்டார். அரூர்க்காரன் பேரைச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

"திருவிழா உனக்குத்தான்யா. ஆனா ஒண்ணு, கொடியேத்தத்துல இருந்து தேரு நிலைக்கு வர்ற வரைக்கும் அறிவிப்பு பூரா நீயேதான் சொல்லணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தவன், மூன்று மாதம் அவர் தெருப் பக்கமே போகவில்லை. இன்று காலை டீக்கடையில் மடக்கிவிட்டார்.

"வர்றியா, அரூருக்குப் போன் போடட்டா?"

"வர்றேனுங்க" என்றேன்.

காதில் விழவில்லை என்று இன்னொரு தடவை சொல்லவைத்தார்.

கார்த்திகை 12, வெள்ளிக்கிழமை.