வளையலைக் கழற்றியவர்

பிசியோதெரபி என்றால் பிள்ளையை அடிப்பது என்றுதான் முதலில் நம்பினேன். அல்சூர் பக்கத்து ஆஸ்பத்திரியில், மூச்சிரைத்துப் பால் குடிக்க முடியாமல் கிடந்தாள் என் கைக்குழந்தை. தட்டுவதற்கு வந்த குட்டையான அம்மாள், சண்டைக்குப் போகிறவர் போல வளையல்களைக் கழற்றினார்; உள்ளங்கையைக் குவித்துக் குழந்தையின் முதுகில் தொப்பு தொப்பென்று ஆரம்பித்தார்.

“நிறுத்தும்மா! கையை ஒடிச்சிடுவேன்!” குரலில்தான் வீரம்; ஓரடி பின்வாங்கித்தான் கத்தினேன்.

“சளியைக் கெளப்பத்தான் சார் தட்டுறேன். சந்தேகமா? சொல்ப, கொஞ்சம் திரும்பிக் குந்துங்க.”

என் முதுகில் தட்டினார். வலிக்கவில்லை, இருமல்தான் வந்தது. கடைசித் தட்டு மட்டும் சுளீரென்று விழுந்தது.

“இது, கையை ஒடிக்கிறேன்னதுக்கு” என்றார்.

இதற்குப் பழிவாங்காமல் விடுவதில்லை என்று அவர் வேலையை முடிக்கும்வரை கறுவிக்கொண்டிருந்தேன். இன்னும் வழி தோன்றவில்லை.

மகள் சளியைக் கக்கினாள். பால் குடித்தாள்.