மாலத்தீவு உக்காவும் ஒரே ஒரு பெயரும்

எதிர்வீட்டுப் பெண் பெங்களூரில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் மொட்டைமாடியில் கண்ணாடி உக்கா ஒன்றை வைத்துப் புகை இழுக்கிறாள். ஆப்பிள் வாசனை என் நாற்காலி வரை வருகிறது. கேட்டால், "தண்ணியில வடிகட்டித்தான் வருது தாத்தா, ஒண்ணும் செய்யாது" என்கிறாள். எழுபதுகளில், தூத்துக்குடியில், கல்லூரி விடுதியில் நாங்கள் ஆறு பேர் நம்பிய அதே பொய்.

எங்களுக்கு ஆப்பிளெல்லாம் ஏது? கருப்பட்டிப் பாகில் பிசைந்த புகையிலைதான். உக்கா என் அறைத்தோழன் பிரான்சிஸுடையது. அவன் மாமா சரக்குத் தோணி ஓட்டும் தண்டேல், மாலத்தீவிலிருந்து கொண்டுவந்தார். சிகரெட் பிடிப்பவன் ரவுடி, உக்கா இழுப்பவன் சிந்தனையாளன் என்பது எங்கள் கணிப்பு. தேவாலய உபதேசியார் மகனான எனக்கு மட்டும் சற்று உறுத்தல். "வேதத்துல உக்கா கூடாதுன்னு எங்கன எழுதியிருக்குலே?" என்பான் பிரான்சிஸ். எழுதியிருக்கவில்லைதான். எச்சில் படாமலிருக்க ஆளுக்கொரு பப்பாளிக் காம்பு. ஒரே உக்கா, ஆறு காம்புகள். எங்களுக்கு எட்டிய சமத்துவம் அவ்வளவுதான்.

நான் அப்போதே விதிமுறைப் பைத்தியம். யார் தண்ணீர் மாற்றுவது, யார் கங்கு வைப்பது, ஒரு சுற்றுக்கு எத்தனை இழுப்பு என்று பன்னிரண்டு விதிகளை முத்து முத்தாக எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினேன். குற்றத்துக்கு நடைமுறை விதி எழுதி ஒட்டிய முட்டாள் வேறெங்கும் இருந்திருக்கமாட்டான்.

நான் ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வார்டன் அலமாரியைத் திறந்தார். உள்ளே இருந்த உக்கா யாருடையது என்று கேட்டார். பிரான்சிஸ் என் கையெழுத்தைக் காட்டி, என் பெயரைச் சொன்னான். என் பெயரை மட்டும்.

நன்னடத்தைச் சான்றிதழில் 'திருப்தியில்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள். விரிவுரையாளர் வேலை கேட்டுப் போன மூன்று கல்லூரிகளில் அதைப் படித்துவிட்டுக் குடிக்கக் காப்பி மட்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

கடைசியில் கப்பல் வேலைக்குப் போகிறவர்களின் தாள்களைச் சரிபார்க்கும் அலுவலகமொன்றில் குமாஸ்தாவானேன். இரண்டு வருடம் கழித்து என் சன்னலில் பிரான்சிஸ் வந்து நின்றான். பன்னிரண்டு நாளில் கப்பல்.

முதல் முறை, புகைப்படத்தில் காது தெரியவில்லை என்று திருப்பினேன். அடுத்து, சான்றொப்பத்தில் பதவி முத்திரை இல்லை. அதற்கடுத்து, தகப்பன் பெயரில் ஓர் எழுத்து வேறு. ஒரு விதியையும் நான் இட்டுக்கட்டவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லவுமில்லை.

கப்பல் போன மறுநாள் வந்தான். "ஏலே, எல்லாத்தையும் மொத நாளே சொல்லியிருக்கலாம்லா?"

"வார்டன்ட்ட நீ எல்லார் பேரையும் சொன்னியாலே?"

தாள்களை மடித்துக்கொண்டு போனான். எனக்கு அன்று மத்தியானம் சோறு ருசித்தது. இனி இதை மறைக்கிற வயதில்லை எனக்கு.

பிறகு அவன் கப்பலேறவேயில்லை. கடைத்தெருவில் வலைக்கடை வைத்தான். ஓய்வு பெற்றபின் தினமும் காலையில் அந்தக் கடையைத் தாண்டி நடப்பேன். அவன் நிமிர்ந்து பார்க்கவேண்டும், அதற்காகத்தான். பார்ப்பான், உடனே நூலைச் சிக்கெடுக்கக் குனிந்துகொள்வான்.

போன ஐப்பசியில் அவன் செத்துப்போனான். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போனுக்கு உறை விற்கிறார்கள். நானும் காலை நடைக்குப் போவதை விட்டுவிட்டேன். சர்க்கரை ஏறிவிட்டதென்று டாக்டர் திட்டுகிறார்.