மெட்டு அக்காவிடம் இருக்கிறது

2024 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி. ஜெர்மனியின் பான் நகரத் தேவாலயக் கூடம் ஒன்றில், கோஸ்பெல் என்னும் கிறிஸ்தவப் பக்திப்பாடல் பாடும் குழுவில் இடம் கேட்டு நின்றேன். இலக்கியம் படிக்க அங்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நூலகத்துக்கும் விடுதிக்கும் இடையே, யாரிடமும் பேசாமலே ஒரு வாரம் கழிந்துவிடும். வாரத்தில் ஒரு நாளாவது பிறர் குரல்களின் நடுவே என் குரலும் இருக்க வேண்டும். அந்த இடம் கிடைக்காவிட்டால் வேறு எங்கே கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

குழுவை நடத்தும் ஜெர்மானியர் மென்மையானவர். தெரிந்த பாடல் ஒன்றைப் பாடச் சொன்னார். சதர்ன் கோஸ்பெல் பாடலாமா என்றேன். அது என்ன என்று கேட்டார். அதற்கு மட்டும் என்னிடம் ஒழுங்கான பதில் இருந்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களில், வெள்ளையரின் கிராமத்துத் தேவாலயங்களிலும் பாட்டு வகுப்புகளிலும் வளர்ந்த இசை அது. பெரும்பாலும் நால்வர் பாடுவது. நான்கு குரல்கள் நெருங்கி இணைவதே அதன் அழகு. அவருடைய குழு பாடுவது கறுப்பினத்தவரின் கோஸ்பெல். அடிமைக்காலப் பக்திப்பாடல்களிலிருந்தும் ப்ளூஸ் இசையிலிருந்தும் பிறந்தது. ஒருவர் முன்னின்று பாட, மற்றவர்கள் மறுமொழி பாடுவார்கள். இரு மரபுகளும் ஒன்றிடமிருந்து ஒன்று பாடல்களை எடுத்துக்கொண்டன. பாடியவர்களையோ நிறவேற்றுமை தனித்தனி ஆலயங்களில் உட்கார வைத்தது. ஆகவே ஒலியை மட்டும் கொண்டு எல்லை வகுக்க இயலாது என்றேன். அந்த ஊரில் நான் தொடர்ந்து பேசிய மிக நீண்ட பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு பாடினேன். அப்பா வாங்கிவந்த கேசட்டைக் கேட்டு, பாளையங்கோட்டை வீட்டில் நால்வரும் பழகிய பாட்டு. அக்கா உச்சக்குரலான சோப்ரானோ, நான் அதற்கு அடுத்த ஆல்ட்டோ, அண்ணன் டெனர், அப்பா அடிக்குரலான பேஸ். கண்களை மூடிக்கொண்டு முழுவதையும் பாடி முடித்தேன்.

பியானோவில் விரல்களை வைத்தபடி காத்திருந்த அவர், மெட்டு எப்போது தொடங்கும் என்று தயக்கத்துடன் கேட்டார்.

அப்போதுதான் உணர்ந்தேன். நான் பாடியது மெட்டுக்குக் கீழே துணையாக ஓடும் ஆல்ட்டோவை. இரண்டு மூன்று சுரங்களை விட்டு நகராத ஒரு வரியை. மெட்டை நான் ஒருமுறைகூடப் பாடியதில்லை. அது எப்போதும் அருகிலேயே ஒலித்துக்கொண்டிருந்தது.

"மெட்டு என் அக்காவிடம் இருக்கிறது" என்றேன். கூடத்தில் இருந்த குழுவினர் யாரும் சிரிக்கவில்லை. முடிவை எழுதி அனுப்புவதாகச் சொன்னார்.

வாசலில், குழுவில் பாடும், இலங்கை மன்னாரைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் குளிர்கோட்டு மாட்டிக்கொண்டே என்னிடம் நெருங்கினார். "தங்கச்சி இந்தியாவோ? குரல் நல்லாத்தான் கிடக்கு. ஆனா என்ன பாட்டெண்டு ஒண்டும் விளங்கேல்லை. ஆரோ ஃபோன் கதைக்கிறதை ஒரு பக்கத்தால மட்டும் கேட்ட மாதிரி." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். இன்னும் ஏதாவது சொல்வார் என்று நின்றேன். அவருடைய பேருந்து வந்துவிட்டது.

அறைக்குத் திரும்பியதும், கோயம்புத்தூரில் மணமாகி வாழும் அக்காவை அழைத்து மெட்டைக் கேட்டேன்.

"ஏட்டி, இத்தனை வருசம் பக்கத்துல நின்னு பாடிட்டு, மெட்டு தெரியாதுங்கியா?" என்று சிரித்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டே பாடத் தொடங்கினாள். மூன்றாம் வரியில் நின்றுவிட்டாள். குழாயை மூடும் ஓசை கேட்டது.

"இந்த இடத்துல உன் சத்தத்தப் பிடிச்சுத்தான் மேல ஏறுவேன். இப்ப வரல."

பதிவு செய்தாவது அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். மூன்றாம் வரியில் ஒரு சிறு தடுமாற்றம் அப்படியே இருந்தது. பலமுறை கேட்டேன். மெட்டைக் கற்றுக்கொள்ள முயன்றபோதெல்லாம் என் குரல் தானாகவே கீழே இறங்கி, தன் பழைய இடத்தில் போய் நின்றது.

மறுநாள் காலை, விடுதியின் பொதுச் சமையலறையில் யாரும் இல்லாதபோது, அக்காவின் பதிவை மடிக்கணினியில் ஒலிக்கவிட்டு, அதனோடு ஆல்ட்டோவைப் பாடிக் கைப்பேசியில் பதிவு செய்தேன். குழு நடத்துநருக்கு அதை அனுப்பி, இன்னும் இரண்டு குரல்கள் குறைகின்றன என்று கீழே எழுதினேன். பிறகு கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.