கலகலப்பு வேணும், சத்தம் கூடாது

அறை வாடகைக்கு விடுகிறவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தமாக இருப்பது நல்லது. எல்லாம் கேட்டால் தொழிலை விட்டே ஓடிவிடுவோம். "கம்மி வாடகை, கலகலப்பான ஏரியா, ஆனா சத்தமே இருக்கக் கூடாது" என்று கேட்பவர்களுக்குப் போனும் கையுமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் என் இனத்தவர்களே, இது உங்களுக்காக.

நாகர்கோவில்காரியான நான் திருவனந்தபுரத்தில், 'சாலை' என்று பெயர் கொண்ட கடைத்தெருவில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் மூன்று அறைகளை நடத்துகிறேன். கட்டிடம் சிதம்பரம் அண்ணாச்சியுடையது. தலைமுறைகளாக இங்கேயே கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம். மழைக்காலம் முழுக்க நான் ஈயோட்டியதைப் பார்த்து அவர் மனம் மாறிவிட்டது. "ஆற்றுக்கால் பொங்காலை வரைக்கும் பாப்பேன் செல்வி. அது கழிஞ்சா மாடியை வெங்காய வியாபாரிக்குக் கோடவுனா விட்டிருவேன்" என்றார். மாசியில் ஆற்றுக்கால் அம்மனுக்காகப் பெண்கள் ஊர்த் தெருவெல்லாம் அடுப்பு மூட்டிப் பொங்கலிடும் திருவிழா அது.

நான் இடத்தை விடுவதாக இல்லை. பொய் சொல்லி ஆள் பிடிப்பதாகவும் இல்லை. இந்தத் தெரு எப்படியோ அப்படியே சொல்லி மூன்று அறைகளையும் நிரப்புவது என்று வீம்பாக இறங்கினேன்.

கடல் தெரியுமா?

சேலத்திலிருந்து ஒருவர் குடும்பத்தோடு வருவதாகப் போன் செய்தார். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியுமா என்று கேட்டார். நேந்திரங்காய்க் குலை தெரியும், பூக்கடை தெரியும், சிப்ஸ் வறுக்கும் சட்டி தெரியும், கடலுக்குப் பஸ் ஏற வேண்டும் என்றேன். "யோசிச்சுச் சொல்றேங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

சொன்ன தேதிக்கு மறுநாள் பெட்டி படுக்கையோடு அவரே படியேறி வந்து நின்றார். கடற்கரையோரம் அறை எடுத்திருக்கிறார்; பிள்ளைகள் தோசை கேட்டால்கூட ஆட்டோ பிடிக்க வேண்டியிருந்ததாம். அவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் பிள்ளைகள் கீழே ஓடி ஆளுக்கொரு சிப்ஸ் பொட்டலத்தோடு வந்துவிட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அங்க கடல் மட்டும்தாங்க இருக்குது. பசிச்சா அதையா குடிக்கறது?"

லாரி வராத காலை

கும்பகோணத்துத் தலைமையாசிரியர் ஒருவர், ஓய்வுபெற்றவர், வந்து தங்கினார். விடியும் முன்பே லாரியில் மூட்டை இறக்குவார்கள், குரல் கொடுத்துக்கொண்டுதான் இறக்குவார்கள் என்று முன்பே எச்சரித்திருந்தேன். ஆனாலும் தினமும் திட்டு. சத்தத்தில் எழுந்து, குளித்து, பத்மநாபசுவாமி கோயிலின் அதிகாலை நிர்மால்ய தரிசனத்துக்கு நடந்தே போய் வருவார். வந்ததும் நெற்றிச் சந்தனம் காய்வதற்குள் என்னிடம் புகார் சொல்லுவார்.

அவர் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் ஹர்த்தால்; தெரு முழுக்கக் கடையடைப்பு. லாரி இல்லை, ஆள் இல்லை. காக்கை மட்டும்தான் கத்தியது. இனி இவர் வாயை மூடலாம் என்று நிம்மதியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறிய பிறகு கதவு திறந்தது. தலை கலைந்து, முகம் தொங்கிப்போய் நின்றார். "சத்தமே காணோமே, நான் எப்படி எழுந்துக்கறது? நாளைக்காவது அவாளை வழக்கம்போல கத்தச் சொல்லுங்கோ."

டேப்போடு வந்தார்கள்

மாசி பிறந்ததும் அண்ணாச்சி வெங்காய வியாபாரியைக் கூட்டிக்கொண்டு அளக்க வந்துவிட்டார். இரண்டு அறைகளில் ஆட்கள் இருந்தார்கள். "ஆள் வரத் தொடங்கியாச்சு அண்ணாச்சி" என்றேன். "பொங்காலைக்கு இன்னும் நாள் இருக்கு" என்று டேப்பை நீட்டினார். காலியாக இருந்த அறையில் கட்டிலின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன்; என்னைச் சுற்றித்தான் அளந்தார்கள்.

வியாபாரி ஜன்னலைத் திறந்து பார்த்து, நல்ல காற்று, சரக்கு அழுகாது என்று மகிழ்ந்துபோனார். என்னோடு அறை துடைத்து விரிப்பு துவைக்கும் ரீஜா, கரமனைக்காரி, துடைப்பமும் கையுமாக வாசலில் நின்றாள். அவள் கேட்டாள்: "காத்து மட்டும் போதுமோ சாரே? இனி வெங்காயத்துக்கு டிவியும் வெச்சுக் கொடுக்கணுமோ?"

அடுக்கி வைத்த செங்கல்

பொங்காலைக்குச் சில நாள் முன்பே பெண்கள் வந்து, தாங்கள் அடுப்பு மூட்டப் போகும் இடத்தில், நடுத்தெருவானாலும் சரி, செங்கல் வைத்துச் சாக்குக்கட்டியால் பெயர் எழுதிவிட்டுப் போவார்கள். கல் இருந்தால் இடம் அவளுடையது. ஊரில் யாரும் அதைத் தொடமாட்டார்கள். விழிஞ்ஞம் துறைமுகத்து வேலைக்கு வந்து என்னிடம் தங்கியிருந்த திண்டுக்கல் தம்பிக்கு மட்டும் அது தெரியாது. கட்டிட வேலை மேற்பார்வையாளர். கல் சிதறிக் கிடந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. எங்கள் வாசலிலிருந்து தெருமுனை வரை பொறுக்கி, உடைந்ததைத் தனியாகப் பிரித்து, மாடிப்படி ஓரம் அழகாக அடுக்கிவிட்டார்.

பொங்காலைக்கு முந்தின நாள் பானையோடு வந்த பெண்கள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. தம்பியைக் கையோடு கீழே அழைத்து வந்தேன். "அடுக்கினது நீங்க, நீங்களே பிரிச்சு வையுங்க" என்றேன். ரீஜா கயிறு பிடிக்க, பெண்கள் இடம் காட்ட, அவர் நூல் பிடித்தாற்போல் வரிசை வைத்தார். இடம் போதாதவர்களுக்கு அண்ணாச்சி கார் நிறுத்தும் இடத்தைத் திறந்துவிட்டேன். அவரைக் கேட்கவில்லை; கேட்டால் தரமாட்டார். எல்லாம் முடிந்ததும் நெய்யாற்றின்கரை அம்மா ஒருவர் தம்பியின் தோளைத் தட்டினார்: "அடுத்த வருஷமும் வரணும் மோனே. ஆனா நாங்க சொல்லாம ஒரு கல்லும் தொடப்பிடாது, கேட்டோ."

முகம் கழுவ வந்தவர்

பொங்காலையன்று, தம்பியும் தன் அறையை விட்டுக்கொடுக்க, அடுப்பு மூட்ட வந்த தென்காசிப் பெண்களால் மூன்று அறையும் நிறைந்திருந்தது. "இன்னைக்குக் கோழிக்கூடுகூட நிறையும். அதைக் கணக்குல சேர்க்க மாட்டேன்" என்று அண்ணாச்சி போனிலேயே சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அழ நேரம் இல்லை. கார் இடத்தை நம்பிப் பானையோடு வந்து இறங்கினார் அண்ணாச்சியின் மனைவி லலிதாம்மா. அங்கே கையகல இடம் இல்லை. திட்டு வாங்கத் தயாராக நின்றேன். மற்ற பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு ஓர் அடுப்புக்கு இடம் விட்டார்கள்.

கோயிலிலிருந்து தீ அடுப்புக்கு அடுப்பு கை மாறி எங்கள் தெருவுக்கும் வந்தது. புகையில் யாருக்கும் கண் திறக்க முடியவில்லை. தென்காசிப் பெண்களே சம்மதிக்க, மூன்று அறைக் கதவுகளையும் திறந்துவைத்தேன். பாத்ரூமுக்குப் படி நெடுக வரிசை. அந்த வரிசையில் லலிதாம்மாவும் நின்றார். முகம் கழுவி, ரீஜா கொடுத்த துண்டால் துடைத்து, மின்விசிறிக்கு அடியில் கட்டிலில் சாய்ந்தார். பிறகு எழுந்து ஜன்னல் வழியாகத் தெருவை வெகுநேரம் பார்த்தார். அங்கிருந்தே கணவருக்குப் போன் போட்டார். அதோடு வெங்காயப் பேச்சு முடிந்ததால், அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மாடியை யாருக்கும் கொடுக்காண்டாம். இத்தனை பேருக்குக் கதவைத் திறந்து விட்டிருக்கா இந்தப் பொண்ணு. உங்க வெங்காயம் திறக்குமோ?"

ஆகவே, ஊருக்கு வந்தால் எந்தப் பக்கம் தங்கலாம் என்று கேட்பவர்களே, முன்பின் தெரியாதவள் வந்து முகம் கழுவணும் என்றால் நகர்ந்து வழிவிடுகிற தெருவாகப் பார்த்து அறை எடுங்கள், தூக்கத்துக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.