தோற்றவளிடம் இருக்கும் கோப்பை

என் வீட்டுக் கூடத்து அலமாரியில் ஒரு கோப்பை இருக்கிறது. வெள்ளிப் பூச்சு போய்ப் பித்தளை எட்டிப் பார்க்கிறது. இரண்டு காதுகளில் ஒன்று ஆடுகிறது. ‘பேச்சுப் போட்டி – முதற்பரிசு’ என்று பொறித்திருப்பதை மட்டும் இன்னும் படிக்க முடிகிறது. வருகிறவர்கள் எல்லாரும், “காலேஜ்ல நீங்க பெரிய பேச்சாளரா?” என்று கேட்கிறார்கள். இல்லை என்கிறேன். அந்தப் போட்டியில் நான் தோற்றேன். அதுவும் கௌரவமான தோல்வி இல்லை, கடைசி இடம். அப்புறம் கோப்பை எப்படி உங்களிடம் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு ஒரு டம்ளர் காபி ஆறுகிற நேரம் பதில் சொல்லவேண்டும். பாதிப் பேர் அதற்குள் கிளம்பிவிடுவார்கள்.

அப்பா ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. வீடு புத்தூரில். வெற்றிலை, சீட்டு, சினிமா எதுவும் அவருக்குக் கிடையாது. மேடைப் பேச்சு ஒன்றுதான் பைத்தியம். அந்தக் காலத்துத் திருச்சியில் கூட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. எந்தக் கட்சி, எந்த மதம் என்றெல்லாம் பார்க்கமாட்டார். பாலக்கரையில் குடை ரிப்பேர் கடை வைத்திருந்த பாய் மாமாவையும் இழுத்துக்கொண்டு போய் முன்னால் மணலில் உட்கார்ந்துவிடுவார். மறுநாள் காலையில் சவரம் செய்துகொண்டே முழுப் பேச்சையும் கண்ணாடிக்கு ஒப்பிப்பார். ஒரு சொல் பிசகாது. ஆனால் நாலு பேர் முன்னால் தானே எழுந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆபீசில் யாரோ ஓய்வு பெற்றபோது வாழ்த்துரை சொல்ல எழுந்து, “எல்லாருக்கும் வணக்கம்” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டாராம். அந்தக் குறையைத் தீர்க்க வந்தவள் என் அக்கா. பள்ளிக்கூட நாளிலிருந்தே மைக்கைக் கண்டால் அவளுக்குப் பயம் கிடையாது. அப்பாவுக்கு அவள் பேசுவதைக் கேட்பது தானே பேசுவது மாதிரி.

சீனாவோடு சண்டை வந்த வருஷம் நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தோம். ஜவான்களுக்காக எல்லாப் பெண்களும் கம்பளி பின்னினார்கள். நான் பின்னிய கையுறையில் ஒரு விரல் கூடுதலாக வந்துவிட்டது. அது எந்தச் சிப்பாய்க்குப் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. யாரைப் பட்டாளத்தில் எடுக்கலாம், யாரை எடுக்கக்கூடாது என்று ஊரே நியாயம் பேசிக்கொண்டிருந்தது. ஒற்றைப் பிள்ளைகளை எடுக்கக்கூடாது என்றார் எதிர்வீட்டுக்காரர். அவருக்கு ஒற்றைப் பிள்ளை. படிக்கிற பையன்களை விட்டுவிடவேண்டும் என்றார் இன்னொருவர். அவர் பையன் படித்துக்கொண்டிருந்தான். பெண்களைப் பற்றி யாரும் பேசவே இல்லை. அவர்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

சண்டை ஓய்ந்த பிறகு ஒருநாள், காயம்பட்ட ஜவான்கள் சிலர் ரயிலில் வருகிறார்கள் என்று கல்லூரியிலிருந்து எங்களை ஜங்ஷனுக்கு அழைத்துப் போனார்கள். ஆரஞ்சுப் பழமும் ரொட்டியும் டீயும் கொடுக்கவேண்டும், கொடுத்துவிட்டு ஒரு பாட்டுப் பாடவேண்டும் என்று ஏற்பாடு. ரயில் நின்றதும் முதலில் இறங்கியவள் ஒரு பட்டாளத்து நர்ஸ். வெள்ளை உடுப்பெல்லாம் கரிப்புகை. எங்கள் பாட்டை அவள் காதில் வாங்கவே இல்லை. நேரே ஸ்டேஷன் அதிகாரியிடம் போய், “எனக்கு வெந்நீர் வேணும், இப்பவே வேணும்” என்று தமிழில் ஒரு சத்தம் போட்டாள். அவ்வளவு பெரிய மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுகிறவர் மாதிரி, பேண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஜன்னலோரம் ஒரு பையன் இருந்தான். மருங்காபுரிப் பக்கத்து மானாவாரி விவசாயக் குடும்பம் என்று சொன்னான். பனியில் அவன் விரல்கள் கறுத்துப்போய்க் கட்டுக்குள் இருந்தன. அக்கா நீட்டிய டீயை அவனால் பிடிக்க முடியவில்லை. நர்ஸ் வந்து டம்ளரை வாங்கி, ஊதி ஊதிப் புகட்டினாள். புகட்டிக்கொண்டே அடுத்த பெட்டிக்காரனை அதட்டினாள். திரும்பி வரும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் இதுக்குத்தான்டி போகப்போறேன்” என்றாள். விளையாட்டில்லை என்று அவள் பிடித்த பிடியிலேயே தெரிந்தது.

அதற்கு அடுத்த மாதம்தான் அந்தப் போட்டி. ஸ்ரீரங்கத்தில் ஒரு வாசகசாலைக்காரர்கள் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நடத்தினார்கள். வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் ஓய்ந்து தெருக்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்த சமயம். ‘இராணுவப் பணிக்குப் பெண்கள் தகுதியானவர்களா?’ என்பது தலைப்பு. எந்தப் பக்கம் பேசுவது என்பதை அங்கே போய்த்தான் சீட்டு எடுத்துத் தெரிந்துகொள்ளவேண்டும். எனக்கு ‘தகுதியே’ என்று வந்தது. அக்காவுக்கு ‘தகுதியில்லை’. எனக்கு விழுந்து விழுந்து சிரிப்பு. “மாத்திக்கலாமாடி? யாருக்குத் தெரியப்போவுது?” என்றேன். “சீட்டு வந்தா வந்ததுதான்” என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் போய்க் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் பேசியதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சரித்திரத்து ராணிகளை எல்லாம் வரிசையாக உதவிக்குக் கூப்பிட்டேன், ஒருத்தியும் வரவில்லை. கடைசியாக அக்கா எழுந்தாள். அவள் பேசியது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம், ஏனென்றால் அதன் பிறகு அதை அப்பா வாயால் ஆயிரம் தடவை கேட்டேன். “எல்லையைக் காக்க ஆண்மகன் எழுந்து போகிறான். போனவன் திரும்பிவர ஒரு வீடு வேண்டாமா? வீடு என்றால் அங்கே அடுப்பு எரிய வேண்டாமா? அடுப்பை எரிப்பவளையும் அழைத்துப் போய்விட்டால், அடுப்பு அணைந்த வீட்டுக்கு எல்லை எதற்கு?” கடைசி வரியில் கூடம் எழுந்து நின்றது. நடுவராக இருந்த பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்வரிசையில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுக் கை தட்டினார். அன்று இரவு நான் அவளிடம் கோபமாகக் கேட்டேன், போகணும்கிறவள் ஏன் இப்படிப் பேசினாய் என்று. “தோக்கற மாதிரிப் பேச எனக்கு வரலைடி” என்றாள். அவள் சுபாவம் முழுவதும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது.

கோப்பை ரேடியோவின் மேல் ஏறியது. அப்பா அந்தப் பேச்சை ஆபீசில் ஒப்பித்தார், சலூனில் ஒப்பித்தார், பாலக்கரைக் கடையில் குடை ரிப்பேருக்கு வந்தவர்களைப் பிடித்துவைத்து ஒப்பித்தார். “எம் பொண்ணு நிரூபிச்சுட்டா” என்று முடிப்பார். இப்படி ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்த சமயத்தில்தான் அக்கா போய்க் கேட்டாள். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்குப் பெண்களை எடுக்கிறார்கள், தகப்பனார் சம்மதித்துக் கையெழுத்துப் போடவேண்டும், கல்யாணம் ஆகாதவளாக இருக்கவேண்டும் என்று. “கல்யாணம் ஆகாம இருக்கறதெல்லாம் ஒரு தகுதியா?” என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள். அப்பா எதுவுமே திட்டவில்லை. எழுந்து நின்று, கோப்பையைக் காட்டி, அவளுக்கு அவள் பேச்சையே சொன்னார். எல்லை, ஆண்மகன், அடுப்பு எல்லாம் வந்தது. தன் வார்த்தை தன் மேலேயே வந்து விழ, பேசத் தெரிந்த என் அக்கா வாயடைத்து நின்றதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

வேறொரு பெண்ணாக இருந்தால் அழுதிருப்பாள், சாப்பிடாமல் படுத்திருப்பாள். இவள் இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் அப்பாவிடம் போய், “அந்தப் பக்கம் பேசச் சொன்னாங்க, பேசினேன். இந்தப் பக்கத்தை நான் இன்னும் பேசவே இல்லையேப்பா. ஒரு தடவை பேச விடுங்க. எதிர்த்து நீங்க பேசுங்க. நான் தோத்துட்டா அப்புறம் வாயே திறக்கமாட்டேன்” என்றாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அப்பாவால் எதை வேண்டுமானாலும் மறுக்க முடியும், ஒரு பேச்சுப் போட்டியை மறுக்க முடியாது. அது அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் கூடத்தில் நடந்தது. பாய் மாமா நடுவர். நேரம் முடிந்தால் டம்ளரில் கரண்டியால் தட்டவேண்டியது நான். அம்மா சமையலறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அப்பா சட்டை போட்டு, மேலே துண்டும் போட்டுக்கொண்டு வந்து நின்றார். துண்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். “எல்லாருக்கும் வணக்கம்” என்றார். வழக்கம்போல் உட்கார்ந்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். உட்காரவில்லை. அக்காவின் பேச்சை, அவள் நிறுத்தின இடத்தில் நிறுத்தி, அவள் உயர்த்தின இடத்தில் உயர்த்தி, முழுக்கப் பேசினார். பேசப் பேசக் கை துண்டை விட்டுவிட்டது. வாழ்நாளெல்லாம் மணலில் உட்கார்ந்து கேட்ட மனிதர் ஒரே ஒரு தடவை மேடையில் நின்றார், அதுவும் தன் பெண்ணைப் போகவிடாமல் தடுக்க, அவள் கொடுத்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு. எனக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று தெரியவில்லை.

அக்கா எழுந்து நின்று மேடைத் தமிழில் ஒரு வரிகூடப் பேசவில்லை. வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினாள். “ஜங்ஷன்ல ஒரு பையனுக்கு டீ குடுத்தேன்பா. அவனால டம்ளரைப் பிடிக்க முடியல. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல, நின்னுட்டேன். அந்த நர்ஸம்மாவுக்குத் தெரிஞ்சிது. அவங்களும் எங்கேயோ ஒரு வீட்ல அடுப்பை விட்டுட்டு வந்தவங்கதான். அவங்க வராம இருந்திருந்தா மருங்காபுரில அந்தப் பையன் வீட்ல இன்னைக்கு அடுப்பு எரியாது. நான் சொன்னது நல்லா இருந்துது, எல்லாரும் கை தட்டினாங்க. ஆனா யார் வீட்டு அடுப்புன்னு நான் யோசிக்கலப்பா. நம்ம வீட்டோடது மட்டும்னு நெனச்சுப் பேசிட்டேன்.” அவ்வளவுதான். நான் கரண்டியைத் தூக்கவேண்டிய தேவையே வரவில்லை, பாதி நேரம் மிச்சம் இருந்தது.

பாய் மாமா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, “வெள்ளைக்காரன் காலத்துல எங்க அண்ணன் பட்டாளத்துல சேரப் போனாரு. மாரை அளந்து பாத்துட்டு லாயக்கில்லன்னு அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் மூட்டை தூக்கியே எங்க அஞ்சு பேரையும் வளத்தாரு. அளக்கறவங்களுக்கு என்னத்தை அளக்கணும்னு எப்பவும் தெரியறதில்லண்ணே. நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். பொண்ணு உங்களோடது, கையெழுத்தும் உங்களோடது” என்று சொல்லி, அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அப்பா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு ஈசிசேரில் சாய்ந்துவிட்டார்.

மறுநாள் காலை அவர் ஆபீசுக்குப் போகவில்லை. ரேடியோ மேலிருந்த கோப்பையை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, “வா, ஸ்ரீரங்கம் போயிட்டு வரலாம்” என்று என்னைக் கூப்பிட்டார். பஸ்ஸில் பையை மடியை விட்டு இறக்கவே இல்லை. வாசகசாலைச் செயலாளர் நெற்றியில் பளிச்சென்று நாமத்தோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அப்பா கோப்பையை மேஜைமேல் வைத்து, “இதைத் திருப்பி வாங்கிக்கங்க. அந்தப் பேச்சு தப்பு” என்றார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “பேச்சிலே என்ன ஸ்வாமி தப்பு? பிரமாதமாப் பேசினாளே கொழந்தை” என்றார். “நல்லாப் பேசினா. ஆனா தப்பு. எதிர்த்தரப்புதான் சரி.” செயலாளர் சிரித்துவிட்டார். “பெருமாளுக்குச் சாத்தின மாலையைத் திருப்பிக் கேக்கற வழக்கம் உண்டோ? குடுத்தது குடுத்ததுதான், எடுத்துண்டு போங்கோ” என்று பையில் அவரே போட்டுக் கொடுத்தார்.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் பஸ் மெதுவாகப் போயிற்று. அப்பா கோப்பையை எடுத்து என் மடியில் வைத்தார். “நீதானே தகுதி உண்டுன்னு பேசினே? ஒளறித்தான் கொட்டினே. ஆனா நீ சொன்னதுதான் சரி. இது உன்னோடது” என்றார். காலிப் பையை நாலாக மடித்துக்கொண்டார். “போனதும் பேனாவுல மை இருக்கான்னு பாரு” என்றார். எனக்கு அப்போது கோப்பை கிடைத்த சந்தோஷம்கூட இல்லை, அக்கா போய்விடுவாள் என்பதுதான் தெரிந்தது. அவருக்கும் அதேதான் தெரிந்திருக்கவேண்டும், கைக்குட்டையை வெளியே எடுத்தவர் திரும்ப உள்ளே வைக்கவே இல்லை.

அக்கா போனாள். அறுபத்தைந்தில் மறுபடி சண்டை வந்தபோது வடக்கே ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அப்பா ரேடியோவை விட்டு நகரவில்லை. பழைய பேச்சை அதன் பிறகு அவர் யாரிடமும் ஒப்பித்தது கிடையாது. பாலக்கரைக் கடையில் உட்கார்ந்து அக்கா கூடத்தில் பேசினதைச் சொல்லிப் பார்த்தார். எதுகை மோனை இல்லாததால் அது அவர் வாயில் நிற்கவில்லை. “அதை அவ சொல்லிக் கேக்கணும் பாய்” என்று பாதியில் விட்டுவிடுவாராம்.

அவள் மேஜராக ஓய்வு பெற்றாள். வருஷத்துக்கு ஒருமுறை என் வீட்டுக்கு வருகிறாள். வந்ததும் அலமாரியைப் பார்த்து, “என் கப்பு” என்பாள். “அப்பா தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது” என்பேன். போனதடவை வந்தபோது டி.வி.யில் விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. சண்டை முனைக்குப் பெண்கள் லாயக்கா என்று இன்னும் பேசித் தீரவில்லை போலிருக்கிறது. கோட்டுப் போட்ட ஓர் ஆள், பெண் என்றால் வீடு, வீடு என்றால் தியாகம் என்று ஏற்ற இறக்கத்தோடு பொழிந்துகொண்டிருந்தான். சத்தத்தைக் குறைக்கப் போனேன். அக்கா என் கையைத் தடுத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். பிறகு எழுந்து போய், அலமாரியில் சாய்ந்திருந்த கோப்பையை நேராக வைத்தாள்.

“நான் இதைவிட நல்லாப் பேசினேன்டி,” என்றாள். “அதையே அப்பா தப்புன்னுட்டாரு.”