கண்ணாடியில் பட்ட நெற்றி

கட்டிலை விட்டு எழுந்தவர் இரண்டடி வைப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டார். அறை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"இன்னைக்குமா?" என்றாள் மனைவி.

"சட்டுனு எந்திரிச்சிட்டேன். வேற ஒண்ணுமில்ல."

"ரெண்டு வாரமா இதையேதான் சொல்றீங்க. அண்ணன்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"உன் வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இரு. தலை சுத்துதுன்னு தெரிஞ்சா ஒரு நாள்கூடக் கயித்துல ஏத்த மாட்டாங்க. எனக்கு வேற என்ன தெரியும்?"

உண்மைதான். அவருக்கு வேறு எதுவும் தெரியாது. ஏரிக்கு மேலே, செங்குத்தான பாறையின் முனையில் நிற்கும் அந்தச் சொகுசு விடுதியில் பத்தொன்பது வருடங்களாகக் கண்ணாடி துடைப்பவர் அவர். ஏரியைப் பார்த்த சுவர் ஒவ்வொரு அறையிலும் தரையிலிருந்து கூரைவரை ஒரே கண்ணாடி. மொட்டைமாடியிலிருந்து கயிற்றில் ஒரு பலகையை இறக்குவார்கள். அதில் உட்கார்ந்து, அந்தரத்தில் தொங்கியபடி வெளிப்பக்கம் துடைக்க வேண்டும். காலுக்குக் கீழே பாறை, அதற்கும் கீழே தண்ணீர்.

விடுதியின் சட்டம் இரண்டே வரி. விருந்தினர் கண்ணில் படக் கூடாது. கண்ணாடியைத் தட்டக் கூடாது. ஆள் இல்லாத அறையைத்தான் துடைக்க வேண்டும். யாராவது உள்ளே வந்துவிட்டால் பலகை உடனே மேலே போக வேண்டும். இத்தனை வருடத்தில் ஒரு விருந்தினர்கூட அவர் முகத்தைப் பார்த்ததில்லை. அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை!

மொட்டைமாடியில் இழுவைச் சக்கரத்தைச் சுற்றுபவன் மனைவியின் அண்ணன்.

"என்ன மாப்ளே, மூஞ்சி வெளிறிப் போயிருக்கு? தங்கச்சி பூரிக்கட்டையை எடுத்துட்டாளா?"

"உன் தங்கச்சி வாயே போதும் மச்சான். கட்டை எதுக்கு?"

சிரித்தார். ஆனால் தலை இன்னும் லேசாகச் சுற்றியது. தடுமாற்றம் தெரியாமலிருக்கத் திரும்பி நின்றுகொண்டு இடுப்புப் பட்டையை மாட்டினார். பட்டையைக் கயிற்றோடு பூட்டும் கொக்கி சரியாக விழவில்லை. மறுபடி முயன்றால் மச்சான் பார்த்துவிடுவான்.

"பட்டை போட்டாச்சா?"

"போட்டாச்சு. இறக்கு."

இந்த ஒரு பொய்யை எந்தத் தெய்வம் மன்னிக்கும்?

நான்காவது அறையின் எதிரே பலகை நின்றது. பாதிக் கண்ணாடி துடைத்திருப்பார். ஏரி மெல்லச் சாய்ந்தது. பிறகு எழுந்து அவர் தலைக்கு மேலே போயிற்று. துணி கையிலிருந்து நழுவிக் கீழே, வெகு கீழே, ஒரு இலையைப்போல் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு கைகளாலும் கயிற்றைக் கட்டிக்கொண்டார். கொக்கி திறந்து தொங்குவது அப்போதுதான் கண்ணில் பட்டது.

பக்கத்தில் தொங்கும் சைகைக் கயிற்றை மூன்று முறை இழுத்தால் மச்சான் தூக்கிவிடுவான். ஆனால் அதைக் காற்று இரண்டு முழம் தள்ளி வைத்திருந்தது. எட்டிப் பிடிக்கச் சாய்ந்தால் பலகை கவிழும். கூப்பிட்டால் மாடிவரை குரல் போகாது. கண்ணை மூடிக்கொண்டு, வாழ்நாளில் செய்யாததைச் செய்தார். நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்தார்.

உள்ளே கதவு திறந்தது. படகுச் சவாரியிலிருந்து சீக்கிரம் திரும்பிவிட்ட ஒரு பெண்மணி, தொப்பியைக் கழற்றியபடி வந்தாள். அவர் ஒரு கையை விடுவித்து விரல்முட்டியால் தட்டினார்.

அவள் திடுக்கிட்டாள். பிறகு, விருந்தினருக்கு வேடிக்கை காட்ட விடுதி அனுப்பிய ஆள் என்று நினைத்தாளோ என்னவோ, சிரித்துக் கையசைத்தாள்.

மறுபடி தட்டினார். அவள் முகம் சுளித்தது. மறுபடி. அவள் தொலைபேசியை எடுத்தாள். தடித்த கண்ணாடிக்குள் அவள் உதடுகள் கோபமாக அசைவதை மட்டும் பார்த்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று தோன்றியது. மனைவியை நினைத்துக்கொண்டார்.

ஆனால் அந்த விடுதியில் எது தாமதமானாலும் விருந்தினரின் புகார் மட்டும் தாமதமாகாது. மொட்டைமாடியில் வாக்கி-டாக்கி அலறியது. "நாலாம் அறையில கம்ப்ளெயின்ட்! அந்த ஆளை உடனே மேல தூக்கு! அவங்க பணம் கட்டி ஏரியைப் பார்க்க வந்தாங்களாம், இவன் மூஞ்சியை இல்லையாம்!"

மச்சான் சக்கரத்தைச் சுற்றினான். பலகை ஏறியது. விளிம்பில் தெரிந்த முகத்தைப் பார்த்ததும் அவன் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டான்.

அதே நேரம் படியில் மூச்சிரைக்க வந்து நின்றாள் மனைவி. அதே விடுதியின் சலவைக் கூடத்தில் வேலை பார்ப்பவள்; கீழே வெளியில் விரிப்பு உலர்த்தும்போது நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருந்தாள்.

"நெத்தியைக் கண்ணாடியில வச்சிருந்தாரு அண்ணா! வீட்டுக் கண்ணாடியில என் விரல் பட்டாலே ஒரு நாள் பூரா பேசுவாரு. அப்பவே தெரிஞ்சுபோச்சு!"

அவள் பின்னாலேயே மேனேஜர். "கண்ணாடியைத் தட்டினது யாரு?"

மச்சான் முந்திக்கொண்டான். "காத்து சார். பலகை இடிச்சிருக்கும்."

தப்பிக்க வழி திறந்துவிட்டது. தலையை ஆட்டினால் போதும்; நாளையும் பலகை, நாளையும் பெருமை. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் ஈரக் கைகளைப் புடவையில் துடைத்தபடி, துடைத்த கைகளையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சார் தட்டினேன். தலை சுத்துது. ரெண்டு வாரமா. கொக்கியும் மாட்டல. மச்சான்கிட்ட பொய் சொன்னேன்."

மச்சான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "படுபாவி! என் கையாலேயே என் தங்கச்சி வாழ்க்கையை முடிக்கப் பார்த்தியேடா!" அந்த முரட்டு மனிதன் குலுங்கிக் குலுங்கி அழுததை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை.

அன்றோடு அவர் கயிற்றிலிருந்து இறக்கப்பட்டார். காதுக்குள் கோளாறு என்றார் மருத்துவர். மாத்திரையில் அடங்கும், ஆனால் உயரம் கூடாது. வெளியே அனுப்பாமல் சலவைக் கூடத்தில் போட்டார்கள். மச்சான்தான் மேனேஜர் அறை வாசலில் இரண்டு நாள் நின்று அதை வாங்கிக் கொடுத்தானாம்.

"இனிமே எனக்குக் கீழதான் உங்க வேலை. ஓரத்தை ஒழுங்கா மடிங்க," என்றாள் மனைவி.

"வீட்டுல மட்டும் யாருக்குக் கீழயாம்?"

மச்சானோடு மட்டும் பேச்சு ஒட்டவில்லை. ஒரு வாரம் கழித்து அவனே ஒரு அழுக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தான். மூட்டையை அவர் காலடியில் தொப்பென்று போட்டான்.

"நாலாம் அறைக் கண்ணாடியில உன் நெத்திக் கறை அப்படியே இருந்துச்சு. நான்தான் இறங்கித் துடைச்சேன்."

"நீயா? கொக்கி மாட்டினியா?"

"ரெண்டு தடவை பார்த்தேன் மாப்ளே," என்றான் மச்சான். பிறகு குனிந்து மூட்டையைப் பிரித்து, முதல் விரிப்பை எடுத்து அவரிடம் நீட்டினான்.